640 லிட்டரும் நடு இருக்கையும்

ஜெர்மனியில் குடும்பக் கார் என்றாலே கோம்பி என்று கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கோம்பி என்பது சாதாரணக் காரின் கூரையைப் பின்கதவு வரை உயரம் குறையாமல் நீட்டி, பயணிகள் அமரும் பகுதியையும் டிக்கியையும் ஒரே கூண்டுக்குள் அடக்கிய வடிவம். பிரிட்டனில் எஸ்டேட் எனப்படும் இவ்வடிவத்தை டாட்டா நிறுவனம் 1992-இல் அதே பெயரில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தும் அது அங்கே நிலைக்கவில்லை. கூரை நீண்டு இடம் கிடைத்தால் இன்னும் இரண்டு பேர் உட்காரலாமே என்று எண்ணும் நாட்டில், அவ்வளவு இடத்தையும் சாமானுக்கு விட்டுவைப்பது வீண் என்றே பட்டிருக்க வேண்டும். ஆளுக்கு இடமா, சாமானுக்கு இடமா என்ற இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இரு நாட்டுக் குடும்பக் கார்களையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் விற்பனைக்கூடத்தில் கையில் கொடுக்கப்படும் விவரத்தாள் லிட்டர் கணக்கை முன்னிறுத்துகிறது. செக் நாட்டு ஸ்கோடா ஆக்டேவியாவை எடுத்துக்கொண்டால், பின்புறம் சரிந்திறங்கும் வடிவத்துக்கு 600 லிட்டர் என்றும், கோம்பி வடிவத்துக்கு 640 லிட்டர் என்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் வாகனத் தொழில் கூட்டமைப்பு வகுத்த இந்த அளவைமுறையில், 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, அதாவது சரியாக ஒரு லிட்டர் பருமனுள்ள கட்டைகளை டிக்கியின் இண்டு இடுக்கெல்லாம் அடுக்கி, பின்னிருக்கைக்குப் பின்னுள்ள மூடுதிரையின் மட்டம் வரை எத்தனை கொள்கின்றன என்று எண்ணுகிறார்கள். சூட்கேஸ் நுழையாத மூலையிலும் கட்டை நுழைந்துவிடும் என்பதால் இந்த எண் டிக்கியின் பயனை முழுதாகச் சொல்வதில்லை. கோம்பியின் உண்மையான ஆதாயமும் அந்த 40 லிட்டர் வேறுபாட்டில் இல்லை. மூடுதிரையைச் சுருட்டி எடுத்துவிட்டால் கூரை வரை செங்குத்தாக நிற்கும் இடத்திலும், கீழே பம்பர் மட்டத்தில் தொடங்கும் தாழ்வான வாசலிலுமே அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டப்படி கடைகள் மூடிக்கிடக்கும் நாட்டில், சனிக்கிழமை மாலைக்குள் வாரச் சாமான் முழுவதும் வீடு வந்து சேர வேண்டும். முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிப் புட்டிகள் பன்னிரண்டு கொண்ட தண்ணீர்ப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 17 கிலோ எடை இருக்கும். இரண்டு பெட்டிகளை இடுப்புயரத்துக்குத் தூக்கி, வாசல் விளிம்பைத் தாண்டி உள்ளே இறக்கிப் பார்த்த எவருக்கும் வாசலின் உயரம் லிட்டரைவிடப் பெரிய சங்கதி என்பது விளங்கிவிடும்.

சாமானை ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. ஜெர்மன் சாலைப் போக்குவரத்து விதிகளின் 22-ஆம் பிரிவு, வண்டியில் ஏற்றிய பொருள் எதுவாக இருந்தாலும், திடீரென முழு பிரேக் போட்டாலும், தடையை ஒதுக்கச் சட்டென்று வண்டியை ஒடித்தாலும், நழுவவோ, கவிழவோ, இங்குமங்கும் உருளவோ, கீழே விழவோ கூடாது என்கிறது. தவிர்க்கக்கூடிய ஓசையைக்கூட அது எழுப்பக் கூடாது. இது லாரிக்காரர்களுக்கு மட்டும் உரிய விதியன்று. கடைக்குப் போய்த் திரும்பும் குடும்பக் காருக்கும் இதே சொற்களே பொருந்தும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதல் நேர்ந்தால், கட்டப்படாத பொருள் தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட விசையோடு முன்னோக்கிப் பாயும் என்பது இவ்விதியின் பின்னுள்ள கணக்கு. அந்நேரத்தில் ஒரு தண்ணீர்ப் பெட்டி அரை டன் சுமையாக மாறிப் பின்னிருக்கையின் முதுகில் இடிக்கும். ஆகவே கனமானவை அடியில், பின்னிருக்கையை ஒட்டி, இடைவெளியின்றி வைக்கப்பட வேண்டும். டிக்கியின் தரையில் நான்கு மூலையிலும் உள்ள இரும்பு வளையங்களில் பட்டை கோத்து இறுக்க வேண்டும். சாமான் இருக்கை முதுகுக்கு மேலே உயர்ந்தால், கூரையிலிருந்து இறங்கும் தடுப்பு வலையைப் பூட்ட வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோகும் தேங்காய் மூட்டையும் குத்துவிளக்கும் இந்த விதியின் கண்ணில் சரக்குதான். போற்றத்தக்க விதி இது. பேருந்துக் கூரையில் பலாப்பழமும் சைக்கிளும் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், வளையத்தில் பட்டை கோக்கும் இந்தப் பழக்கத்தை ஊருக்கும் எடுத்துச்செல்ல வேண்டும்.

சாமானுக்கு இவ்வளவு யோசித்த நாடு, ஆள் உட்காரும் இடத்தில் அதே அளவு யோசித்ததாகச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வயது நிறையாத, 150 சென்டிமீட்டர் உயரத்தையும் எட்டாத குழந்தை, அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் மட்டுமே காரில் பயணம் செய்யலாம் என்ற கட்டாயம் 1993 ஏப்ரல் முதல் அங்கே நடப்பில் உள்ளது. பட்டை எதுவுமே இன்றிக் குழந்தையை ஏற்றிச் சென்றால் 60 யூரோ அபராதமும், ஃபிளென்ஸ்பூர்க் நகரத்துப் பதிவேட்டில் ஓட்டுநர் பெயருக்கு ஒரு தண்டப்புள்ளியும் சேரும். இதில் குறை காண எதுவுமில்லை. குறை, காரின் பின்வரிசையில் இருக்கிறது. குழந்தை இருக்கையை உடற்கூட்டோடு நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கிகள் பெரும்பாலான கார்களில் பின்வரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே உள்ளன. இரண்டு குழந்தை இருக்கைகளைப் பூட்டியபின், ஐந்து பேர் கார் என்று பதிவான வண்டியில் நடுவே எஞ்சும் இடம் ஒரு பெரியவர் உட்காரத் தக்கதாக இருப்பதில்லை.

ஹாம் நகரத்தின் ஊன்ட்ராப் பகுதியில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர்த்திருவிழாக் காலத்தில் ஜெர்மனி முழுவதிலுமிருந்து ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கார்களில் வந்து சேர்கின்றன. தொழிற்பேட்டைச் சாலைகளின் ஓரமெல்லாம் அவ்வாறு நிறைந்திருந்த ஒரு திருவிழா வாரத்தில், ஃபிராங்க்ஃபுர்ட் பக்கமிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்த ஒரு கோம்பியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மா முழங்கால் வலியால் முன்னிருக்கையில் அமர்ந்திருக்க, இரு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே பட்டுச்சேலையோடு ஒடுங்கி வந்தவர் பிள்ளைகளின் தாய். தரையின் நடுவில் புடைத்து நிற்கும் மேட்டுக்கு இருபுறமும் காலைப் பிரித்து வைத்து, ஓர இருக்கையின் அடியில் புதைந்துபோன சீட் பெல்ட் பூட்டை விரல்நுனியால் தடவித் தேடி மாட்டியே அவர் அவ்வளவு தூரமும் வந்திருந்தார். பின்கதவைத் திறந்தபோது, டிக்கியில் பட்டை கட்டிய ஓர் அர்ச்சனைக் கூடையும் மாற்றுடைப் பையும் மட்டும் இருந்தன. மீதி அத்தனையும் வெறும் இடம். பெரியவர்களோடு சேர்ந்து வாழும் குடும்பத்துக்கு இவ்வடிவம் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரகடத்தை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னைக்குத் தென்மேற்கே உள்ள அவ்வூர் ஆலையில் தயாராகி 2019-இல் விற்பனைக்கு வந்த ரெனோ டிரைபர், 3,990 மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏழு பேரை அமர்த்துகிறது. ஆக்டேவியா கோம்பி அதைவிட ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமாக இருந்தும் ஐந்து பேருக்கு மேல் அதில் இடமில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு என்பதால் பிறந்த சிக்கனம் அது என்றாலும், அந்தச் சிக்கனத்திலிருந்து விளைந்த புத்திக்கூர்மை வியக்கத்தக்கது. அதன் மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஏழு பேரோடு 84 லிட்டராக இருக்கும் டிக்கி, அப்போது 625 லிட்டராக விரிகிறது. சித்திரை வெயிலில் காஞ்சிபுரம் போய்வரும் குடும்பத்தின் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் குளிர்காற்று கிடைக்கும்படி, இரண்டாம் வரிசைக்குப் பக்கத்தூணிலும் மூன்றாம் வரிசைக்குக் கூரையிலும் ஏசி துளைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கோம்பிகளிலோ பின்வரிசைக்கு வரும் காற்று பெரும்பாலும் முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியின் பின்முனையிலிருந்து புறப்பட்டு, நடுவில் இருப்பவரின் முழங்காலில் மோதி நின்றுவிடுகிறது.

குளிர்கால வசதிகளில் மட்டும் ஜெர்மனியில் விற்கும் கார்களை மெச்ச வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சினை வீணாக ஓடவிடுவது அந்நாட்டில் குற்றமாகையால், காரைச் சூடாக்கிவிட்டு ஏறலாம் என்பது நடவாது. கண்ணாடியில் உறைந்த பனியை முழுவதும் சுரண்டியபிறகே புறப்பட வேண்டும். இதற்காகவே ஸ்கோடா தன் கார்களின் எரிபொருள் மூடிக்குள் ஒரு சுரண்டியைச் செருகி வைக்கிறது. ஏறி அமர்ந்த சில நிமிடங்களில் இளஞ்சூடேறும் இருக்கை, மூட்டுவலியுள்ள முதியவருக்கு ஆடம்பரம் அன்று, மருந்துக்குச் சமம்.

அந்த முதியவர் ஆண்டு முழுவதும் அங்கே இருப்பதில்லை என்பதுதான் கணக்கில் கொள்ள வேண்டிய அடுத்த செய்தி. சுற்றுலா விசாவில் வருகிறவர் 180 நாட்களில் 90 நாட்களே தங்கலாம். ஆகவே ஆறாவது, ஏழாவது இருக்கைகள் மூன்று மாதம் தேவைப்பட்டு, மற்ற மாதங்களில் டிக்கியாக மாற வேண்டும். இரண்டாம் வரிசையில் மூன்று தனித்தனி இருக்கைகளும் மூன்றிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் கொண்ட ஃபோக்ஸ்வாகன் டூரான் போன்ற வண்டிகள் நடு இருக்கைத் துன்பத்தைத் தீர்க்கின்றன என்றாலும், கழற்றி மாட்டும் ஏற்பாட்டில் ஒரகடத்து வழியை ஒட்டி நிற்பது, ரெனோ குழுமத்தின் டாசியா 2022 முதல் ஜெர்மனியில் விற்கும் ஏழு பேர் கார் ஜாகர். அதன் கடைசி இரண்டு இருக்கைகளையும் கழற்றி எடுக்கலாம். வாங்க நினைக்கும் குடும்பம் வீட்டுக் குழந்தை இருக்கைகளை விற்பனைக்கூடத்துக்கே தூக்கிச் சென்று பூட்டி, நடுவில் ஒரு பெரியவரை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டிப் பார்த்தபின்பே விவரத்தாளைப் புரட்ட வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் நிலவறையில் தனக்கென ஒதுக்கிய சாமான் அறையையும் அது அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. கழற்றிய இருக்கைகள் கோடை முழுவதும் அங்கே அடுக்கிக் கிடக்கும் நான்கு குளிர்காலச் சக்கரங்களோடு இடத்துக்குப் போட்டியிடும்.