ஆறுமணிக்குருவியும் அணைத்த விளக்கும்

தாம்பரம் என்றவுடன் மின்சார ரயிலும், விமானப்படைத் தளமும், ஜி.எஸ்.டி. சாலையின் வாகன நெரிசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த நெரிசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு காடு இருக்கிறது என்றால், புதிதாகக் குடியேறியோர் நம்ப மறுக்கின்றனர். ஆயினும் அது உண்மை. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே 365 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகமே அக்காடு. 1837-இல் தோன்றி நூறாண்டுக் காலம் நகருக்குள் இயங்கிய அக்கல்லூரி, 1937-இல் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர்தம் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் மரங்களை நட்டுப் பிள்ளைகளைப்போல் பேணி வளர்த்தனர். நம் சகோதர சபையினர் காத்துத் தந்த அந்தப் பசுமையால் இன்று தென்சென்னை முழுவதும் மூச்சு விடுகிறது என்றால் மிகையாகாது.

இந்த வட்டாரத்தில் காடு அது ஒன்றே அன்று. நன்மங்கலத்தில் கொம்பன் ஆந்தை வாழும் காப்புக்காடு உண்டு. வண்டலூரில், 1985-இல் திறக்கப்பெற்ற உயிரியல் பூங்காவைச் சூழ்ந்து மற்றொரு காடு உண்டு. இவையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வானளாவிய சோலைகள் அல்ல. கடற்கரைச் சமவெளிக்கே உரிய முட்புதர்க் காடுகளும், தடித்த சிறு இலைகளைக் கோடையிலும் உதிர்க்காத குட்டை மரச் செறிவுகளுமே ஆகும். இலை உதிராமையால் மரத்தடியில் ஆண்டு முழுவதும் அந்தியின் மங்கல் குடிகொண்டிருக்கும்.

அந்த மங்கலில்தான் என் பாடம் தொடங்கிற்று. நண்பர் ஒருவர் தந்த கேமராவுடன், முறைப்படி அனுமதி பெற்று, திங்கட்கிழமைகளில் காலைத் திருப்பலிக்குப் பின் அங்கே செல்வது என் வழக்கம். நான் தேடிச் சென்றது ஆறுமணிக்குருவியை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுப்பதால் நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் அது. முதுகில் பச்சை, தோளில் நீலம், கண்ணோரம் கறுப்புப் பட்டை, தொண்டையில் வெள்ளை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு என்று அமைந்த அதனை வடநாட்டார் 'நவரங்' என்று அழைக்கின்றனர். இத்தனை வண்ணமும் பெற்ற பறவை வெயிலில் வந்து தன்னைக் காட்டிக் கொள்வதில்லை. சருகுகளின் நடுவே, நிழலுக்குள், புழு பூச்சிகளைக் கிளறித் தத்தித் திரிகிறது.

வெட்டவெளி வெயிலோடு ஒப்பிட்டால் அம்மரத்தடியின் ஒளி 256-இல் ஒரு பங்கே இருக்கும். கேமராவின் ஒளியுணர்வை 1600-க்கு உயர்த்தி, லென்ஸின் கண்ணை 5.6 அளவுக்குத் திறந்தாலும், நொடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்தான் படம் பதியும். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதாயின் நொடியில் 400-இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும் என்பது இக்கலையின் பால பாடம். எனவே என் படங்களில் பச்சையும் நீலமும் கலங்கிய சேறாகவே தெரிந்தன. இரண்டு பருவங்கள் இவ்வாறே கழிந்தன.

குறுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. பளிச்சென்று ஒளி உமிழும் பிளாஷ் விளக்கைப் போடலாம். அது பறவையைத் திடுக்கிடச் செய்யும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அழைக்கலாம். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டு ஓடி வரும். மறைக்கும் கிளைகளை ஒடிக்கலாம். நாம் சென்ற பின் பருந்தின் கண்ணுக்கு அது இரையாகும். படம் நமக்குக் கிடைக்கும். விலையைப் பறவை கொடுக்கும்.

நம் தமிழ்நாட்டின் இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), இன்றைய வசதிகள் எதுவுமின்றி, தாமே பாகங்களை இணைத்து உருவாக்கிய கேமராவைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் பிடித்தவர். அவர் கையில் இருந்த பெரிய கருவி பொறுமையே என்பதை உணர்ந்தபின் நானும் வழி மாறினேன். மணல் நிரப்பிய துணிப்பையின்மேல் லென்ஸைக் கிடத்தித் தரையோடு தரையாக அமர்ந்தேன். வெயில் நாளைவிட மேகமூட்டமான நாளே மேல் என்று கற்றேன். வெயிலில் இலைகளின் ஊடே விழும் ஒளிப்பொட்டுகள் படத்தைத் திட்டுத் திட்டாகக் கெடுத்துவிடும், மேகமோ ஒளியை மெல்லப் பரப்பித் தரும். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றையும் கண்டேன். தத்திச் செல்லும் அப்பறவை இடையிடையே ஒரு நொடி அசையாமல் நின்று செவிமடுக்கிறது. அந்த ஒரு நொடிக்கு மங்கிய ஒளியே போதும்.

இந்த நிலையில்தான் சென்ற அக்டோபர் மாதம் எங்கள் பங்கில் செபமாலை அன்னையின் திருவிழா வந்தது. ஓர் அன்பர் குடும்பத்தார் நேர்ச்சையாக மின்விளக்கு அலங்காரம் செய்திருந்தனர். கோபுரத்தின் நான்கு புறமும் வானை நோக்கிய போகஸ் விளக்குகள் விடிய விடிய எரிந்தன. பார்த்து மகிழ்ந்தோரில் நானும் ஒருவன்.

திருவிழாவுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவிற்பிள்ளை என் கதவைத் தட்டினார். "சாமி, வாசப்படியில ஒரு குருவி கிடக்குது. உசிரு இருக்குது" என்றார். சென்று பார்த்தேன். பச்சை, நீலம், குங்குமச் சிவப்பு. இரண்டு பருவங்களாக நான் தேடிய ஆறுமணிக்குருவி, கோபுர விளக்கின் வெள்ளொளியில், கண் மூடிப் படிக்கட்டில் கிடந்தது.

இப்பறவை இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னகத்துக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருவது. இரவில் வலசை செல்லும் பறவைகளைச் செயற்கை ஒளி ஈர்த்துத் திசை மயங்கச் செய்யும். அவை சுற்றிச் சுற்றிக் களைத்துச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதும். காட்டுக்குள் ஒளி போதவில்லை என்று ஏங்கிய நான், என் ஆலய வாசலில் அளவுக்கு மீறி ஒளியைக் கொட்டி வைத்திருந்தேன்.

கேமரா அறையில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, பறவையை மெல்ல வைத்து, இருட்டும் அமைதியுமான மூலையில் விட்டோம். வாயில் நீர் ஊற்றவில்லை. அது மூச்சடைக்கச் செய்யும். திருப்பலி முடிந்து வந்தபோது பெட்டிக்குள் கால் பரபரக்கும் ஓசை கேட்டது. காட்டோரப் புதரருகே திறந்ததும் ஒரே தாவலில் நிழலுக்குள் மறைந்தது. (சிறகொடிந்த பறவையாயின் வனத்துறையிடமே ஒப்படைக்க வேண்டும், வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.)

அடுத்த ஞாயிறன்று பங்குப் பேரவையில், இனி வானை நோக்கிய விளக்குகள் வேண்டாம், மற்றவையும் இரவு பத்து மணிக்கு அணைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எளிதில் முடியவில்லை. "மாதா திருவிழாவை இருட்டில் கொண்டாடுவதா?" என்று ஒருவர் கேட்டார். நேர்ச்சை செய்த அன்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அவர் மனம் புண்பட்டதை அறிந்து அன்று மாலையே அவர் இல்லம் சென்றேன். அவரிடம் நான் சொன்ன விளக்கங்கள் பலிக்கவில்லை. உள்ளே கட்டிலில் அமர்ந்திருந்த அவருடைய வயது முதிர்ந்த தாயார்தாம் முடிவில் வாய் திறந்தார். "ஏன்டா, மாதாவுக்கு இருட்டுல கண்ணு தெரியாதா? விளக்கு நமக்காகத்தானே போட்டோம்!" மகன் தலை குனிந்து புன்னகைத்தார். முழு மனத்தோடு இசைந்தாரா என்று நான் கேட்கவில்லை. டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் அவரே சென்று விளக்குகளை அணைத்ததைக் கண்டேன். கெபியின் முன் ஒற்றை எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

செபமாலை அன்னையின் விழாவுக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 4-இல், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் விழா வருகிறது. 1979-இல் அவரைச் சுற்றுச்சூழல் ஆர்வலரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். 2015-இல் அவருடைய புகழ்ப்பாவின் சொற்களையே தலைப்பாக்கி, நம் பொது இல்லமாகிய பூவுலகைப் பேணத் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதினார். இவற்றையெல்லாம் மறையுரைகளில் எடுத்துரைத்தவன்தான் நான். ஆயினும் அது என் வாசற்படிக்கு வந்து விழும்வரை எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி மாதத்து மேகமூட்டமான காலை ஒன்றில் ஒரு படம் கிடைத்தது. நொடியில் 50-இல் ஒரு பங்கு. வால் சற்றே கலங்கியிருக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது. எங்கள் வாசலில் விழுந்த அதே பறவைதான் அது என்று சொல்ல மாட்டேன். எனினும் அப்படம் இப்போது பங்கு அலுவலகத்தில், கோபுர விளக்கின் சுவிட்சுக்கு மேலே தொங்குகிறது.

அன்புக்குரிய குடும்பத்தாரே, வரும் அக்டோபரில் உங்கள் மொட்டைமாடி விளக்கையும் இரவில் அணைத்து வையுங்கள். விடியலில், மணி ஆறு அடிக்கும் வேளையில், தோட்டத்து நிழலிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி ஒன்று கேட்டால், விருந்தாளி நலமாக வந்து சேர்ந்தார் என்று அறிந்து ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள்.