விளக்கடியில் மங்கிய முகம்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் கழிந்த மறுநாள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். குழித்தறிக்கு எதிர்ச்சுவரில் அவருடைய மறைந்த அன்னையின் வண்ணப் படம். அதன்மேல் இரவும் பகலும் அணையாத சிறு மின்விளக்கு. முகமோ வெளிறி, கண்களும் புருவமும் மட்டுமே எஞ்சியிருந்தன. "இருக்கிறது இந்த ஒரு படந்தான், சாமி" என்றார்.

சாயமேற்றிய பட்டை நிழலில் உலர்த்தும் கை அவருடையது. வண்ணப் படமும் சாயத்தாலானதே. ஒளிபட்டு நாளடைவில் வெளுத்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளியாலானது. ஆதலின் அது கூடுதலாகத் தாங்கும். கண்ணாடியில் ஒட்டிய படம் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்டு. இடையே அட்டை விளிம்பு வேண்டும். இவற்றை அன்றே சொல்லாதது நம் பிழை. வீடு மந்திரித்த நாளில் அவ்விளக்கை ஏற்றி வைத்தவரே நாம்தாம்!

நகல் எடுத்துச் சுவரில் மாட்டுமாறும், செபவேளையில் மட்டும் விளக்கேற்றுமாறும், மூலப்படத்தைப் பெட்டியில் காக்குமாறும் கூறினோம். அவர் இசையவில்லை. "அம்மாவை இருட்டுல வைக்கிறதா, சாமி?"

நமக்கு விடை எழவில்லை. அவர் மனைவியோ உள்ளே சென்று, தம் திருமணப் பட்டைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியைக் கொணர்ந்து விரித்தார்.