நகரா விசை

தாத்தா எழுதிய ஊர் வரலாற்றை மறுபதிப்புப் போடலாம் என்று இறங்கியபோது கையில் இருந்தது ஒரு சிடி மட்டும். அச்சுப் பிரதி இரவல் போய்த் திரும்பவில்லை. பேஜ்மேக்கரில் கட்டிய பக்கங்கள் திறக்க மறுத்தன. மிஞ்சிய டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கலந்த குப்பை. டிடிபி அண்ணனிடம் காட்டினேன். "வைரஸ் தின்னுடுச்சு சார்."

வைரஸ் இவ்வளவு ஒழுங்காகவா தின்னும்? சின்ன எழுத்தில் கே, எஃப், டி, பிறகு ஒரு செமிகோலன் என்ற கோவை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அந்தக் காலத்தில் ஃபான்ட் செய்தவர்கள் ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்தார்கள். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியது. இரண்டையும் குறியீடு மாற்றியில் போட்டுப் பார்த்தேன், திஸ்கி என்ற குறியீட்டையும் விடவில்லை. ஒருவகைக் குப்பை வேறுவகைக் குப்பையானது, அவ்வளவே.

தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆன சித்தி எட்டிப் பார்த்தார். "நகரு" என்று உட்கார்ந்து, யளனகப பழகிய விரல்களைக் கீபோர்டில் வைத்தார். கே இருக்கும் இடத்தில் ம. எஃப்பில் க. டியில் ன. செமிகோலன், புள்ளி. மகன்! நான் துள்ளினேன், சித்தி தலையாட்டினார்.

"தப்புடா இது. புள்ளி பின்னாடி வருது."

"கம்ப்யூட்டர்ல அப்படி இருக்கலாம் சித்தி."

"எதுல இருந்தா என்ன? புள்ளிய அடிச்சா வண்டி நகராது. அப்புறம் ன அடிச்சாத்தான் அதுக்கடியில வந்து உக்காரும். இவன் டைப்பிங் படிச்சவனே இல்ல."

கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நகரா விசை என்னை வேறு பக்கம் இழுத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, தமிழின் இத்தனை எழுத்தையும் ஆங்கில டைப்ரைட்டரின் சொற்ப விசைகளுக்குள் அடைக்கக் கையாண்ட உபாயம் அது. ஃபான்ட் செய்தவர்கள் அந்த விசை இடங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புள்ளியை மட்டும் முந்தைய எழுத்தின் தலையில் ஏறும்படி வரைந்து பின்னால் தள்ளிவிட்டார்கள். 'கொ'வுக்குக் கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. ஆக, நான் தேட வேண்டியது அரசுத் தரத்தை அல்ல, டைப்ரைட்டர் வழிவந்த ஒரு ஃபான்ட்டை. பாமினி! மாற்றியில் அதைத் தேர்ந்ததும் தாத்தா யூனிகோடில் பேச ஆரம்பித்தார்.

டிடிபி அண்ணன் அசரவில்லை. "யூனிகோடா? பேஜ்மேக்கர்ல வராதே." 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. இன்டிசைனில் ஊற்றினோம், கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. யூனிகோடில் க முதலில், கொம்பு அப்புறம். இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்த பிறகே கொம்புகள் முன்னால் வந்தன.

டெமி 1/8 அளவில் 130 பக்கம் வந்தது. ஃபாரத்துக்கு 16 என்றால் எட்டு ஃபாரம் போக இரண்டு பக்கம் மிச்சம். முன்னுரையை வெட்டலாம் என்றார் அண்ணன். தாத்தாவின் முன்னுரையில் கைவைக்க எனக்கு மனசில்லை. எழுத்தளவை அரைப் பாயின்ட் குறைக்கச் சொன்னேன்.