அத்தாவின் பெயருக்கு ஒரு கோடு

மலையகத்தில் முஸ்லிம் விவாகப் பதிவுகாரராக நான் இருந்த வருஷங்களில், நிக்காஹ் எழுத வருகிறவர்களிடம் முதலில் கேட்டது மஹர் எவ்வளவு என்றல்ல. "பிறப்புச் சேட்டிபிக்கட் கொண்டு வந்தீங்களா?" என்றுதான். வாயால் சொல்வதை எழுதிக்கொண்டு போகிற பதிவுகாரர்களும் இருந்தார்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களிடம் பத்திரத்தைப் பார்த்த பிறகே நான் பேனாவைத் திறப்பேன். "மாஸ்டர் கச்சேரிக்காரரை விட மோசம்" என்று சலித்துக்கொண்டவர்கள் பலர்.

நம்மவர்களுக்குள் பிறப்புப் பத்திரம் பற்றிய பேச்சு வந்தால் அது வயதோடு நின்றுவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பெண்ணின் மணத்தைக் காதியின் அனுமதியின்றிப் பதியக்கூடாது என்று மட்டும் எழுதி வைத்தது. பொது விவாகச் சட்டத்திலோ 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டு வயதை எல்லையாக்கியது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோதும் உறுப்பினர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்தே நின்றார்கள். வயது பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்துப் பத்திரத்தில் வயதுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்று தகப்பன் பெயர். மற்றது 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்ற கேள்வி.

2011ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த மாதம். பெண் தோட்டத்தில் வளர்ந்தவள், இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை வீடு மாத்தளைப் பக்கம். பெண்ணின் பத்திரத்தை நான் விரிக்கும்போது மாப்பிள்ளையின் பெரியவாப்பா எட்டிப் பார்த்தார். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய கூட்டில் ஒரு கோடு. விவாகம் பற்றிய கூட்டில் 'இல்லை'.

"இது என்ன, பொண்ணுக்குத் தகப்பன் இல்லையா?"

வலீயாக ஒப்பமிட வந்திருந்த தகப்பன் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. வாசற்படியில் நின்ற தாய்தான் பேசினாள்.

"எங்களுக்கு நிக்காஹ் நடந்துச்சு மாஸ்டர். லயமே சாப்பிட்டுச்சு."

வெளியூர்க்காரருக்கு அது வெறும் எழுத்துப்பிழை அல்லது வெட்கக்கேடு. மார்க்கம் தெரிந்தவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல். மணத்துக்கு வெளியே பிறந்தவள் என்றால் பெற்றவர் வலீயாக முடியாது; காதியைத்தான் நாட வேண்டும். ஒரு கோடு அந்த மனிதரைத் தன் மகளின் நிக்காஹிலிருந்தே வெளியே தள்ளப் பார்த்தது.

ஏன் பதியவில்லை என்று கேட்டேன். "அப்ப எனக்கே ஒரு துண்டும் இல்ல. கந்தோருக்குப் போனா புடிச்சு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு" என்றார். அவர்களின் நிக்காஹ் நடந்தது 1987இல்.

அந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமும் அவன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எடுத்து வைத்திருந்தார்கள்? ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த முஸ்லிம் தொழிலாளியும் சில்லறைக் கடைக்காரரும் அதே வலையில்தான் விழுந்தார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது, பயம் நிற்கவில்லை. நாடற்றவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தபோது, இந்தப் பெண்ணைப் போன்றவர்களின் பத்திரங்களில் கோடு கீறப்பட்டுவிட்டது, அல்லது கீறப்பட்டுக்கொண்டிருந்தது.

அன்று எங்களைக் காப்பாற்றியது தோட்டத்துப் பள்ளியின் பழைய கொப்பி ஒன்று. அந்தக் காலத்து லெப்பை, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், வலீ, சாட்சிகள், மஹர் என்று மையால் எழுதி வைத்திருந்தார். சாட்சிகளில் ஒருவர் உயிரோடு இருந்தார். பென்ஷன் எடுத்த கங்காணி. அவரை முச்சக்கர வண்டியில் அழைத்து வரும்வரை மஜ்லிஸ் காத்திருந்தது. அவர் வந்து சொன்னதும் பெரியவாப்பா எழுந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். தகப்பனே வலீயாக ஒப்பமிட்டார். பிறப்புப் பதிவைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு நடந்த நடை வேறு கதை. பல மாதம் எடுத்தது.

சட்டப் படிவத்தில் மணமகள் ஒப்பமிட இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண் பதிவைப் பார்க்கக் கேட்டாள். அத்தாவின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தாள். பிறகு கேட்டாள்: "என் புள்ளைக்கு அந்தக் கூட்டுல கோடு வராதுதானே மாஸ்டர்?"

பதியாவிட்டாலும் நிக்காஹ் நிக்காஹ்தான். மார்க்கமும் அப்படித்தான் சொல்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் அப்படியே ஏற்றுக்கொண்டது. இது ரஹ்மத். நாம் அதைச் சோம்பலுக்குச் சாட்டாக்கிக்கொண்டோம். மணத்தை அல்லாஹ் அறிவான், ஊர் அறியும். பிறப்பைப் பதியும் எழுதுநர் எப்படி அறிவார்? கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளுங்கள் என்று அல்பகராவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. பிள்ளையின் வம்சம் கடனை விடச் சிறியதா?

மஹல்லாக்களின் நிர்வாகிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பள்ளிகளின் பழைய நிக்காஹ்க் கொப்பிகள் எங்கே இருக்கின்றன என்று இந்த ஜும்ஆவுக்குள் பாருங்கள். எங்கள் மலைகளில் மழை அதிகம். கரையானும் அதிகம்.