அந்த மூணு ராத்திரி

சிங்கப்பூர் தேக்கா, லெம்பு ரோட்டுல பேராவூரணித் தம்பி ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தேன்.
பேச்சு கஜா புயலுக்குப் போயிடுச்சு.

2018 நவம்பர் 16. விடியுறதுக்கு முன்னாடி வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு.
கரண்ட் இல்ல. டவர் இல்ல.

"மூணு நாளா அம்மா உயிரோட இருக்காங்களான்னே தெரியலண்ணே. அதோடயே வேலைக்கும் போனேன்."

தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சிருக்கு.
இங்கேருந்து அனுப்புன காசு, தண்ணி ஏத்த ஜெனரேட்டர் வாடகைக்கே போச்சாம்.

அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபா கொடுத்துச்சு. மரத்தை எண்ணலாம். அந்த மூணு ராத்திரிய எப்படி எண்ணுறது?

நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இங்க சாரத்துல ஏறுன பிள்ளைங்க சம்பளத்துலதான் அந்த வீடுகள்ல அடுப்பு எரிஞ்சுது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரங்க யாராவது சொல்லுங்க,
அப்ப நட்ட கன்னுங்க இப்ப காய்க்குதா?