வந்தவர்கள் கிளம்பிய பிறகு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலை 1-ஆம் தேதியோடு அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிறுவனம் மூடப்பட்டது. அதற்கு முன்பே அதன் திட்டங்களில் நூற்றுக்கு 83 பங்கை ரத்து செய்துவிட்டதாக அறிவித்திருந்தார்கள். அப்போது நம் நண்பர்கள் பக்கங்களில் இரண்டு வகையான பேச்சைப் பார்த்தேன். "ஒழிந்தது சனியன், உதவி என்ற பெயரில் ஊரைக் கெடுத்தார்கள்" என்பது ஒன்று. "ஐயோ, ஏழை நாடுகள் இனி என்ன செய்யும்" என்பது இன்னொன்று. மருந்து, தானியம், தடுப்பூசி பற்றி எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி வேறொரு வேலைக்கும் போனது. தேர்தல் நடத்தக் கற்றுக்கொடுப்பது, நீதிமன்றம் அமைப்பது, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பயிற்சி தருவது போன்ற வேலைகள் அவை. பல நாடுகளும் ஐ.நா.வும் இதைச் செய்கின்றன.

ஜனநாயகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒரு நாட்டுக்குக் கொடுக்க முடியுமா? இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன நாடு இருக்கிறது. கிழக்குத் திமோர். இன்றைய பெயர் திமோர்-லெஸ்தே. இந்தோனேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே பாதித் தீவு, சுமார் 13 லட்சம் மக்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூற்றாண்டுக் கணக்கில் போர்ச்சுகலின் காலனி. 1975 நவம்பர் 28-இல் சுதந்திரம் அறிவித்தார்கள். பத்தே நாளில், டிசம்பர் 7-இல், இந்தோனேசிய ராணுவம் உள்ளே நுழைந்தது. பிறகு 24 ஆண்டுகள் ஆக்கிரமிப்பு. 1999 ஆகஸ்ட் 30-இல் ஐ.நா. வாக்கெடுப்பு நடத்தியது. மிரட்டலுக்கு நடுவிலும் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் பேர் விடுதலைதான் வேண்டும் என்றார்கள். அதற்குத் தண்டனையாக ஊர்களைக் கொளுத்தினார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி நாசமானது. இந்தோனேசிய அதிகாரிகள் கிளம்பிப் போனார்கள். மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், அவர்களும் போய்விட்டார்கள். கூரையில்லாத பள்ளிக்கூடம், ஆசிரியர் இல்லாத வகுப்பு. நாடு தொடங்கியது அப்படித்தான்.

1999 அக்டோபரிலிருந்து 2002 மே 20 வரை ஐ.நா.வே அந்த நாட்டை ஆண்டது. பிரேசில்காரரான செர்ஜியோ வியேரா டி மெல்லோ தலைமை. சட்டம் போடுவதும் அவர், நிறைவேற்றுவதும் அவர். ஜனநாயகம் சொல்லித்தர வந்தவர் கையில் ஒரு மன்னரின் அதிகாரம்! அவர் நல்ல மனிதர், திறமைசாலி. குறை ஏற்பாட்டில்தான் இருந்தது. ஊர் மக்கள் எரிந்த வீடுகளில் தங்கியிருக்க, வெளிநாட்டு அலுவலர்களுக்காக டிலி துறைமுகத்தில் மிதக்கும் ஓட்டல் நின்றது. உதவிப் பணத்தில் பெரும்பங்கு அலுவலர் சம்பளமாகவும் ஆலோசகர் கட்டணமாகவும் வெளிநாட்டுக்கே திரும்பிப் போனது.

அந்தக் காலத்தில் உலக வங்கியின் பணத்தில் ஒரு திட்டம் வந்தது. ஊர்தோறும் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் ஆண்களும் பெண்களும் சரிபாதி. குழுவின் கையில் பணம் வரும், என்ன கட்டலாம் என்று அவர்களே முடிவு செய்யலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரு விதி மட்டும் கூடவே வந்தது. பரம்பரை ஊர்த்தலைவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. பழைய அதிகாரம் புதிய ஜனநாயகத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்தார்கள். நடந்தது என்ன? நிலத்தகராறு, கல்யாணச் சண்டை எல்லாவற்றுக்கும் மக்கள் பழையபடி பெரியவர்களிடமே போனார்கள். குழு, பணம் வாங்கிக் கொடுக்கும் ஒரு கவுண்டர் ஆனது. பணம் நின்றதும் பெரும்பாலான குழுக்கள் கலைந்துபோயின.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டு. விரிவுரையாளர் வந்து பாடம் நடத்திக் காட்டுவார். வண்ண அட்டைகள், பாட்டு, விளையாட்டு என்று வகுப்பு ஜொலிக்கும். அவர் போன மறுநாள் அதே பிள்ளைகள், அதே கரும்பலகை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுவார்கள், யார் சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால்தான் அந்த முறை நிற்கும். இல்லையென்றால் அட்டைகள் அலமாரிக்குள் போய்விடும். உலக வங்கிக் குழுவின் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

திமோர் மக்கள் இதைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். 2004-இல் சட்டம் போட்டு, அங்கே 'சுக்கு' என்று அழைக்கும் ஊராட்சிகளுக்குத் தேர்தல் வைத்தார்கள். தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மன்றத்தில் பெண்களுக்கு இடம், இளைஞருக்கு இடம். வழக்கங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் 'லியா-நாயின்' என்ற பெரியவருக்கும் இடம். பழையதையும் புதியதையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னர் அரசே ஆண்டுதோறும் சுக்குகளுக்குச் சராசரியாக 50,000 டாலர் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தண்ணீர்க் குழாயா, பாலமா என்று ஊரே முடிவு செய்யும். ஆஸ்திரேலியா பயிற்சிக்கு மட்டும் உதவியது. பணம் திமோருடையது. முன்பு பார்த்த திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2006-இல் சுமார் 600 ராணுவ வீரர்களை நீக்கியதில் கலவரம் வெடித்தது. ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டன. ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தப் போலீசை உருவாக்கியது ஐ.நா. பல நாட்டு அதிகாரிகள் ஆளுக்கொரு விதமாகக் கற்றுக்கொடுத்த போலீஸ் அது. சீருடை கொடுத்துவிடலாம். 'இது நம்முடைய போலீஸ்' என்ற நம்பிக்கையைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியுமா? ஐ.நா. மறுபடி வந்து, 2012 டிசம்பர் 31 வரை இருந்தது.

மொழியும் ஒரு முள். மக்கள் பேசுவது தேத்தும், அதோடு இன்னும் பல தாய்மொழிகள். சட்டம் எழுதுவது பெரும்பாலும் போர்ச்சுகீஸில். பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் வெளிநாட்டு நீதிபதிகள் அமர்ந்திருந்தார்கள். 2014 அக்டோபரில் அரசு அவர்களை 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. அது சரியா தவறா என்று அங்கேயே சண்டை நடந்தது. ஊழல் வழக்குகள் பாதியில் நின்றன என்று வருந்தியவர்களும் உண்டு. பேசுகிற மொழியில் சட்டம் இல்லாத ஊரில் ஏழைக்கு நீதி எட்டாது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

உதவி என்ற போர்வையில் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. 2004-இல் கடல் எல்லை, எண்ணெய் வயல் பற்றி ஆஸ்திரேலியாவுடன் பேச்சுவார்த்தை நடந்தது. அந்த நேரம், உதவித் திட்டத்தில் அரசுக் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அமைச்சரவை அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள் என்பது ஆஸ்திரேலிய உளவுத்துறை மீதான குற்றச்சாட்டு. திமோர் அதைச் சர்வதேச அரங்குக்குக் கொண்டுபோனது. கடைசியில் 2018 மார்ச் 6-இல் இரு நாடுகளும் புதிய கடல் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கொடுக்கிறவர் கையைப் பார்க்கிற அதே நேரத்தில் அவர் கண்ணையும் பார்க்க வேண்டும் என்று அந்தச் சின்ன நாடு கற்றுக்கொண்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். நார்வேயின் ஆலோசனையோடு 2005-இல் பெட்ரோலிய நிதியம் அமைத்தார்கள். எண்ணெய் வருமானம் நேரே அந்த நிதியத்துக்குப் போகும். நாடாளுமன்றம் அனுமதித்தால்தான் எடுக்க முடியும், கணக்கை யாரும் படிக்கலாம். எண்ணெய் கிடைத்த எத்தனையோ நாடுகளில் பணம் நாலு குடும்பத்துக்குள் கரைந்துபோனது. இங்கே பல நூறு கோடி டாலர் சேர்ந்தது. அளவுக்கு மேல் எடுக்கிறார்கள் என்ற குறை உண்டு. அந்தக் குறையைச் சொல்ல முடிவதே கணக்கு வெளியே இருப்பதால்தான். ஐ.நா. கிளம்பிய பிறகு 2017, 2018, 2023 என்று நாடாளுமன்றத் தேர்தல்களை அவர்களே நடத்தினார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். புதிதாய்ப் பிறந்த நாட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல.

அப்படியானால் வறுமை தீர்ந்ததா? இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஓட்டுப்பெட்டி மட்டும் வயிற்றை நிரப்பாது.

ஆனால் 2025 செப்டம்பரில் டிலியில் நடந்ததைக் கேளுங்கள். 65 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் புதுக் கார் வாங்க முடிவெடுத்தார்கள். கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கல் வீச்சு, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தது. சில நாட்களில் கார் வாங்கும் திட்டத்தை நாடாளுமன்றமே கைவிட்டது. மாணவர்கள் அதோடு கலையவில்லை. உறுப்பினர்களின் ஆயுட்கால ஓய்வூதியத்தையும் நிறுத்த வைத்தார்கள். அடுத்த மாதம் அந்த நாடு ஆசியான் அமைப்பில் 11-ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் விடுதலைக்குப் பிறகு பிறந்தவர்கள். "இது எங்கள் பணம், கணக்குச் சொல்" என்று கேட்க எந்தப் பயிலரங்கும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். வெளியிலிருந்து வரும் உதவி வாக்குப்பெட்டி தரும், பயிற்சி தரும், கணக்கு வைக்கும் முறை தரும். நெருக்கடியில் உயிரையும் காக்கும். அதை மொத்தமாகச் சதி என்று திட்டுவது நியாயமில்லை. ஒரே நாளில் நிறுத்துவதும் நியாயமில்லை. பாதியில் விட்ட பயிற்சியால் நஷ்டப்படுவது கொடுத்தவர் அல்ல. ஆனால் அந்த ஊர்ப் பெரியவரை, அந்த ஊர் மொழியை, அந்த ஊர்ப் பெண்களை ஒதுக்கிவிட்டுக் கட்டிய எதுவும் பணம் தீர்ந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. கேள்வி கேட்கும் துணிச்சல் மட்டும் உள்ளூரில்தான் விளைய வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். திட்டாமல் எழுதினால் பதில் சொல்கிறேன்.