கூரை மேல் ஏறியவர்

2019ஆம் ஆண்டு ஐப்பசி. மாரி தொடங்குமுன் யாழ்ப்பாணத்திலுள்ள எமது ஓட்டுவீட்டின் ஒழுகலை நிறுத்திவிட விரும்பினேன். முதலில் வந்த கொந்தராத்துக்காரர் முற்றத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். ஓடு முழுவதையும் இறக்கித் தகரம் போடவேண்டும் என்றார்.

இரண்டாவதாக வந்தவர் ஏணி கேட்டார். அரைமணி நேரம் கூரையில் இருந்துவிட்டு இறங்கினார்.

“மாஸ்ரர், தண்ணி சொட்டிற இடம் வேறை, உள்ளுக்கு இறங்கிற இடம் வேறை.”

இரு சரிவுகள் கூடும் இடத்துத் தகரப் பீலி துருப்பிடித்திருந்தது. அங்கே நுழைந்த நீர் கைமரம் வழியே ஓடிவந்து நடுவறையில் விழுந்திருக்கிறது. பீலியையும், உக்கிய சில சிலாகைகளையும், உடைந்த 11 ஓடுகளையும் மாற்றினார். வேலை மூன்றே நாளில் முடிந்தது. மிஞ்சிய ஆணிகளையும் பொதிந்து என்னிடம் ஒப்படைத்தார்.

அந்த மாரியில் ஒரு துளியும் உள்ளே விழவில்லை. ஆயினும் என் மகிழ்ச்சியில் ஒரு முள் தைத்தது. பொய் சொல்லிப் பெரும்பணம் பெற்றிருக்கக்கூடிய அம்மனிதரிடம், நாட்கூலியில் 200 ரூபாய் குறைக்கும்படி நான் பேரம் பேசியிருந்தேன். இடுப்பில் கயிறு கட்டாமல் அவர் உச்சியில் நின்றதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் தவறியிருந்தால் அவர் குடும்பத்தைத் தாங்குபவர் யார்? அக்கேள்வி என் கணக்கில் இடம்பெறவில்லை.

நேர்மையான தொழிலாளி கிடைத்தார் என்று அயலாரிடம் பெருமை பேசுகிறோம். நேர்மையான வீட்டுக்காரர் கிடைத்தார் என்று அவரும் சொல்லவேண்டாமா?

சென்ற ஆண்டு அவரை மீண்டும் அழைத்தேன். ஏணியோடு கயிற்றையும் எடுத்துவைத்தேன். கேட்ட கூலியைக் குறைக்கவில்லை.